மேற்கே திருப்பிய ஆன்டெனா

அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிய வழியே இல்லை என்பது அந்த வீட்டில் பெரியவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் எரிந்தது. கூடத்துச் சுவரில், பழைய நாட்காட்டியைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் அவன் தன் கையாலேயே மாட்டிய வெள்ளை ரவுட்டர், முதலில் சற்று நேரம் சிவப்பாகத் துடித்தது. பிறகு, நெடுநாள் மூடிக்கிடந்த ஒரு கண் தயங்கித் தயங்கித் திறப்பதுபோலப் பச்சைக்கு மாறி, இமைக்காமல் நின்றுவிட்டது.

"எரியுதுடா பெரியவனே," என்றாள் அம்மா. வலிக்கும் முழங்காலை நீட்டிக்கொண்டு, மதியத்திலிருந்தே அந்தப் பெட்டிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பச்சை வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு சின்னவன் சொன்னதா நீதானே சொன்னே?"

"பார்க்கலாம். சும்மாகூட எரியும்."

கையிலிருந்த ஸ்பேனர் வியர்வையில் வழுக்கியது.

மூன்று புறமும் மேடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில் இருந்தது அவர்களுடைய வீடு. கைப்பேசியை எந்த மூலையில் தூக்கிப் பிடித்தாலும் அங்கே டவர் எடுக்காது. பேச வேண்டுமென்றால் மேடேறி நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். அங்கேதான் பெரியவனின் பட்டறை இருந்தது. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டித் தருவது அவன் தொழில். தொலைதூர நகரம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி, அம்மாவைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் பட்டறையில் இருக்கும் அண்ணனுக்குத்தான் பேசுவான். ஆகவே சின்னவன் அனுப்பும் பாசமெல்லாம் பெரியவனின் கைவழியாகவே வீடு சேர வேண்டியிருந்தது. வழியில் கையில் ஒட்டிக்கொண்டது போக மீதிதான் அம்மாவுக்கு. "கனவுலகூட அம்மா வர்றாங்கண்ணா, ரொம்பத் தேடறேன்னு சொல்லு" என்று அங்கே தழுதழுத்த குரல், பள்ளத்தில் இறங்கி வீட்டு வாசலை மிதிப்பதற்குள் "நல்லா இருக்கானாம்" என்று சுருங்கிப்போயிருக்கும். அந்தச் சுருக்கத்தில் பெரியவனுக்கு ஒரு சுகம் இருந்தது. வீட்டோடு கிடந்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கு அந்தச் சுகமாவது மிஞ்ச வேண்டாமா என்று அவன் நினைத்தான்.

இப்படி இருக்கையில்தான் தம்பியிடமிருந்து பார்சல் வந்தது. சிம் போடும் ரவுட்டர் ஒன்று, மொட்டைமாடியில் கம்பம் நட்டுக் கட்ட வேண்டிய தட்டையான ஆன்டெனா, சுருளாகக் கேபிள், அம்மா முகம் பார்த்துப் பேச, அகலத் திரையுள்ள ஒரு டேப். "கிழக்கு மேட்டுல டவர் இருக்குல்ல, நம்ம மாடியில இருந்து பார்த்தா உச்சியில சிவப்பு விளக்கு தெரியுமே, நேரா அதைப் பார்த்துத் திருப்பி வச்சிடுண்ணா. தினமும் சாயங்காலம் அம்மாவைப் பார்த்துப் பேசிடுவேன்" என்றிருந்தான்.

பெரியவன் கம்பத்தைத் தண்ணீர்த் தொட்டியின் தாங்கியோடு சேர்த்து உறுதியாக நட்டான். கேபிளைச் சுவரோரமாக, கண்ணை உறுத்தாமல் இறக்கினான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆன்டெனாவை மட்டும், கிழக்கே தெரிந்த டவருக்கு முதுகைக் காட்டும்படி, நேர் மேற்கே திருப்பி வைத்து, நட்டை முறுக்கி, அதன்மேல் செம்புக் கம்பியால் காயில் கட்டும் தன் பாணி முடிச்சையும் போட்டான். மேற்கே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. பாறையை வெட்டியெடுத்த குழியில் பல வருடத்து மழைநீர் தேங்கி, பகலிலும் கறுப்பாகக் கிடக்கும். அதற்கப்பால் முட்புதர், பொட்டல், வானம். ஒரு வாரம் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, "நம்ம வீட்டுக்கு எடுக்காதாம்மா" என்று கையை விரித்துவிடலாம் என்பது அவன் திட்டம். அம்மாவால் மாடிப்படி ஏறிப் பார்க்க முடியாது. ஆனால் இப்போது பச்சை எரிந்துகொண்டிருந்தது.

டேப் மணியடித்தது.

அம்மா அதை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். திரையில் முதலில் இருட்டு; இருட்டுக்குள் ஏதோ மெதுவாக மேலெழுந்து வருவதுபோல ஒரு வெளிறல்; பிறகு, சின்னவனின் முகம். நெற்றி, மூக்கு, இடது புருவத்தில் தழும்பு எல்லாம் அப்படியே. வெளிச்சம் மட்டும் அவனுடைய உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து விழுந்தது. முடி நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"அம்மா," என்றது முகம்.

"என் கண்ணே," என்றாள் அம்மா.

அப்படி ஒரு குரல் அம்மாவுக்குள் இருப்பதே பெரியவனுக்குத் தெரியாது. அத்தனை வருடங்களில் தண்ணீர் கேட்க ஒரு குரல், மாத்திரை கேட்க ஒரு குரல், ஏன் தாமதம் என்று கேட்க ஒரு குரல் என்றுதான் அவன் அறிந்திருந்தான். இது வேறு. இதைத் தன் டிரங்குப் பெட்டியின் அடியில், துணிக்குள் மடித்து, இவனுக்குக் காட்டாமல் இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாள். அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில், எந்தத் திசையிலிருந்து அந்த முகம் வந்தது என்று அஞ்சுவதற்குக்கூட அன்று அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"குளிச்சிட்டுத் தலையைத் துவட்டலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

"துவட்ட யாரும்மா இருக்கா இங்க," என்றது முகம்.

அன்றிலிருந்து, விளக்கு ஏற்றும் நேரத்தில் டேப் மணியடிப்பது வழக்கமாயிற்று. பட்டறையிலிருந்து பெரியவன் திரும்பும்போது கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவன் சமையலறையில் ஆறிப்போன சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சின்னவன் இயல்பிலேயே பொறுமை இல்லாதவன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாரோ கூப்பிடுவார்கள், எங்கேயோ ஓட வேண்டியிருக்கும். இந்தக் குரலுக்கு எந்த அவசரமும் இல்லை. அம்மா மூட்டுவலியைச் சொன்னால் முழுவதும் கேட்டது. பழைய கதையை மறுபடியும் சொன்னாலும் முதல் தடவையைப் போலவே கேட்டது. அம்மா சொல்லி முடித்து மௌனமானால், அந்த மௌனத்தையும் கேட்டது. அப்போது மட்டும், திரையின் ஆழத்தில் எங்கோ, ஒரு சொட்டு நீர் அகலமான நீரில் விழும் ஓசை எழுந்து, பாறைச் சுவர்களில் மோதி, வட்டமாகப் பரவி அடங்குவது சமையலறை வரை கேட்கும்.

"இவ்வளவு நேரம் அவன் எங்கிட்டப் பேசினதே இல்லடா," என்றாள் அம்மா ஒருநாள், கன்னம் மலர. "கூடவே இருக்கிறவங்கூட இப்படிக் கேட்டதில்ல."

"கூடவே இருக்கிறவனுக்கு வேலை இருக்குல்ல," என்றான் பெரியவன்.

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் செய்ததுபோல, டேப்பின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டு நனைந்திருந்தது. கூடத்தில் பாசியின் வாசனை மெலிதாக நின்றது.

அந்த வாசனை அவனுக்குப் புதிதன்று. சிறுவயதில் ஒரு மத்தியானம், குவாரியின் விளிம்பில் சின்னவன் வழுக்கி அந்தக் கறுத்த நீருக்குள் போய்விட்டான். பெரியவன் யோசிக்காமல் குதித்தான். கண் தெரியாத குளிரில் துழாவித் துழாவி, கையில் அகப்பட்ட முடியைப் பற்றி இழுத்து, கரை சேர்த்தான். சேதி கேட்டு அம்மா ஓடி வந்தாள். சின்னவனைப் போர்வையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே வீடு வரை தூக்கிப் போனாள். பெரியவன் பின்னால் நடந்தான், சொட்டச் சொட்ட, பற்கள் அடித்துக்கொள்ள. வீட்டுக்குள் நுழையும்போதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். "எதுக்குடா அவனை அங்க கூட்டிட்டுப் போனே?" என்று ஒரே ஒரு கேள்வி. அவனைத் துவட்ட யாரும் வரவில்லை. கொல்லைப்புறத்தில் வெயிலில் நின்று அவனாகவே காய்ந்துகொண்டான். உண்மையைச் சொன்னால், அந்த ஈரம் இன்றுவரை முழுதாகக் காயவில்லை.

டவர்காரர் பட்டறைக்கு வந்தது அந்த நாட்களில்தான். கிழக்கு மேட்டு டவரைப் பராமரிக்கும் மனிதர், வாய் ஓயாதவர். டவர் ஜெனரேட்டரின் விசிறி மோட்டாரைத் தோளில் சுமந்துவந்து மேசையில் போட்டார்.

"இடி விழுந்து கருகிப்போச்சுண்ணே. இது சுத்தினாத்தான் அது எந்திரிக்கும். நேத்து மத்தியானத்துல இருந்து டவர் படுத்த படுக்கை. போனைப் பாருங்க, வெறும் டார்ச் லைட்டு."

பெரியவன் பார்த்தான். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. நேற்று மாலை அம்மா வழக்கம்போலத் திரையோடு பேசியது நினைவுக்கு வந்தது. மாலை வரை டவர் இருந்திருக்கும், நேரத்தைத் தவறாகச் சொல்கிறார் என்று மனத்தைச் சமாளித்தான்.

"டவருக்கு முதுகைக் காட்டி ஆன்டெனா வச்சா எடுக்குமா?" என்று, மோட்டாரைப் பிரித்துக்கொண்டே, ஒன்றுமில்லாததைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"பொண்டாட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்தா மட்டும் திட்டு காதுல விழாமப் போகுதா? பாறையில பட்டுத் திரும்பி வரும். ஆனா அரைகுறையா, விட்டு விட்டு."

"விட்டு விட்டு இல்ல. படம் கண்ணாடி மாதிரி வருது."

"எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கு?"

"மேற்க. குவாரிப் பக்கம்."

டவர்காரர் சிரித்தார். "அந்தப் பக்கம் ஏதுண்ணே டவர்? என்னோட லைன் முழுக்க எனக்குத் தெரியும். அங்க தவளைதான் கத்தும்." பிறகு பெரியவனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "யார் வீட்டுலண்ணே?"

"தெரிஞ்சவங்க," என்றான் பெரியவன்.

அன்று மாலை அவன் மேட்டிலிருந்து இறங்கும்போது, கிழக்கே டவர் உச்சியில் சிவப்பு விளக்கு இல்லை. வானம் வெறுமையாக இருந்தது. இன்று பெட்டி சிவப்பாகத்தான் இருக்கும், அம்மா முகம் வாடி உட்கார்ந்திருப்பாள், தான் பக்கத்தில் போய் உட்காரலாம், ஆறுதலாக ஏதாவது பேசலாம் என்று எண்ணியபடியே நடந்தான். வாசலை நெருங்கும்போது அம்மாவின் சிரிப்பு கேட்டது.

பச்சை. இமைக்காத பச்சை.

அவன் கால்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. திரை அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தில் விழுந்த வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. அது வெண்மையாக இல்லை. நீரின் அடியிலிருந்து பார்க்கும் பகல்போல, பச்சையாக, அசைந்து அசைந்து, அவள் கன்னத்தில் அலையடித்தது.

மோட்டாரை அவன் இரவு பகலாகக் கட்டி முடித்துக் கொடுத்தான். டவர் எழுந்தது. எழுந்த உடனே அவன் கைப்பேசி அடித்தது.

"அண்ணா, என்னதான் பண்றே நீ?" சின்னவன். பின்னணியில் வாகன இரைச்சல். யாரோ அவனைக் கூப்பிட, "இதோ வரேன்" என்று பாதியில் கத்தினான். "பெட்டியை மாட்டினியா இல்லையா? தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட லைன் போகல. நீயும் போனை எடுக்கமாட்டேங்கறே. அம்மா முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

பெரியவனின் முதுகெலும்பு வழியே ஒரு குளிர் இறங்கியது. அதற்குப் பின்னாலேயே, அவன் எதிர்பாராத வகையில், ஒரு வெதுவெதுப்பும் ஏறியது. அப்படியென்றால் அந்த "என் கண்ணே" இவனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சிரிப்பு, அந்தக் குரல், மாலை முழுவதும் அம்மா அள்ளிக் கொட்டியது எதுவுமே இவனுக்கு இல்லை.

"இன்னும் எடுக்கலடா," என்றான். "பார்க்கிறேன்."

சில நாட்கள் அந்த வெதுவெதுப்பிலேயே அவன் வாழ்ந்தான். சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்கும்போது பயத்தோடு கூடவே ஒரு கள்ளச் சிரிப்பும் வந்தது. ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்ற நிம்மதி. ஆனால் பொறாமைக்கு ஆள் முக்கியமில்லை என்பதை அவன் மெல்ல மெல்ல உணர்ந்தான். தம்பி இல்லை என்று தெரிந்த பிறகும் வயிறு எரிந்தது. யார் என்றே தெரியாத ஒன்று, எது என்றே தெரியாத ஒன்று, அவனுடைய அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பதுபோல இருந்தது.

பிறகு அது அவனைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது.

"அண்ணன் எங்கம்மா?"

"சமையல்கட்டுல. வரமாட்டேங்கிறான். உன்மேல அவனுக்கு ஏதோ மனத்தாங்கல்."

"அண்ணன் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பான்? சட்டையை எங்க மாட்டுவான்? காட்டேன்."

அம்மா வலிக்கும் காலை இழுத்து இழுத்து, டேப்பைக் குழந்தைபோல நெஞ்சில் ஏந்தி, அறை அறையாகக் காட்டினாள். அவன் கட்டில். ஆணியில் தொங்கும் அவன் நீலச் சட்டை. அவன் சாப்பிடும் தட்டு. அவனுடைய ஸ்பேனர்கள். ஒவ்வொன்றின் முன்னும் அந்தக் குரல் "ம்" என்றது. நிறுத்தி, நிதானமாக, "ம்".

"என்னோடதை எல்லாம் அவனுக்கு எதுக்கும்மா காட்டறே?" என்றான் பெரியவன்.

"அண்ணன் பொருளைத் தம்பி பார்த்தா தேய்ஞ்சிடுமா? இப்பல்லாம் உன் பேச்சுத்தான்டா அவனுக்கு. நீதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கே."

அடுத்த மாலை, கதவிடுக்கு வழியாக, அவன் முதல்முறையாகத் திரையை நேராகப் பார்த்தான். சின்னவனின் முகம்தான். ஆனால் வகிடு மாறியிருந்தது. பெரியவன் எடுப்பதுபோல வலப்பக்கம். இடது புருவத்துத் தழும்பு மங்கியிருந்தது. முகத்துக்குப் பின்னால், ஈரப் பாறையில், ஏதோ தொங்கியது. நீலமாக. சட்டையின் வடிவத்தில்.

"ரெண்டு பேருக்கும் வரவர ஒரே ஜாடை," என்று வியந்தாள் அம்மா.

மறுநாள் பட்டப்பகலில் அவன் மாடியேறினான். முடிச்சை வெட்டினான். நட்டைத் தளர்த்தினான். ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, டவரை நோக்கி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினான். கீழே வந்தபோது பெட்டி சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது, பிறகு பச்சையானது. டேப் மணியடித்தது.

வெளிச்சமான அறை. சன்னல். பின்னால் யாரோ தேநீர்க் கோப்பையோடு நடக்கிறார்கள். "அம்மா! ஐயோ, எவ்வளவு இளைச்சுட்டீங்க! ஒரு நிமிஷம், இந்தப் போனைக் கட் பண்ணிடறேன், ஆபீஸ்ல இருந்து..." தலைமுடி உலர்ந்திருந்தது. கண்கள் கலங்கியிருந்தன. உண்மையான சின்னவன்.

அம்மா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"யார் இது?" என்றாள்.

"அம்மா, நான்தாம்மா."

"என் பிள்ளை இவ்வளவு அவசரமாப் பேசமாட்டான்," என்று சொல்லி, டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அது கவிழ்ந்தபடியே "அம்மா, அம்மா" என்று மேசையோடு பேசிப் பேசி ஓய்ந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. பெரியவன் நீட்டிய மாத்திரையையும் வாங்கவில்லை. "நீ என்னமோ பண்ணிட்டே," என்றாள், சுவரைப் பார்த்தபடி. "அவன் எனக்குக் கிடைச்சது உனக்குப் பொறுக்கல."

காலையில் அவன் கதவைத் திறந்தபோது மாடிப்படியில் ஈரம் இருந்தது.

காலடிகள். வெறும் கால்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்று, அகலமாக, விரல்கள் பதிய, ஓரத்தில் பாசி ஒட்டி. மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த தடம் இல்லை. ஏறினான். மாடியில் யாரும் இல்லை. ஆன்டெனா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. நட்டு இறுக முறுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் செம்புக் கம்பியால் முடிச்சு. கம்பியை மும்முறை சுற்றி, நுனியை உள்ளே மடித்து, நகத்தால் அழுத்திய முடிச்சு.

அவனுடைய முடிச்சு.

பகல் முழுவதும் அவன் பட்டறைக்குப் போகவில்லை. முற்றத்தில் நின்றான். வெயிலில் நின்றான். உடம்பு சூடேறவில்லை. நிழல்கள் நீண்டன. விளக்கு ஏற்றும் நேரம் வந்தது.

மணியடித்தது.

"வாடா பெரியவனே," என்று கூப்பிட்டாள் அம்மா. குரலில் பழைய மலர்ச்சி திரும்பியிருந்தது. "உன்கிட்டதான் பேசணுமாம். வந்து என் நாற்காலியில உட்காரு. நான் துண்டு எடுத்துட்டு வரேன், கண்ணாடியெல்லாம் ஈரம்."

அவளுடைய நாற்காலி. அதில் அவனை அவள் உட்காரச் சொன்னதே இல்லை. போகக் கூடாது என்று தெரிந்தே போனான்.

திரையில் இருந்த முகத்தில் சின்னவன் மிச்சமில்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தான் பார்க்கும் முகம். ஈரமாக. வெளிறி. மேலிருந்து விழும் வெளிச்சத்தில்.

"இந்தப் பக்கம் திருப்பி வச்சு என்னைக் கூப்பிட்டது நீதானே," என்றது.

"நான் யாரையும் கூப்பிடல." என்றான். "உனக்கு என்ன வேணும்?"

"நீ கேட்டதுதான். அன்னிக்கு நீ கேட்டது. அம்மா தலை துவட்டணும்."

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வட்டமாகப் பரவியது.

"இங்க இன்னும் காயவே இல்ல," என்றது அது.

டேப்பைக் கவிழ்க்கக் கை நீட்டினான். கண்ணாடி கண்ணாடியாக இல்லை. விரல் உள்ளே போனது. குளிர். மணிக்கட்டு வரை குளிர். எதிரில் ஒரு கை. அவன் தலைமுடியை நோக்கி. துழாவித் துழாவி. பற்றியது.

இழுத்தது.

கறுப்பு. காதில் நீர். வாயில் பாசி. சத்தமில்லை. மேலா கீழா தெரியவில்லை.

பிறகு, மேலே, வெகு உயரத்தில், ஒரு சதுர வெளிச்சம். நீந்தினான். உதைத்தான். வெளிச்சம் நெருங்கியது. முகம் அதை முட்டியது. கடினமாக, குளிர்ச்சியாக, தட்டையாக.

அந்தச் சதுரத்துக்கு அப்பால் அவர்கள் வீட்டுக் கூடம். ஆணியில் தொங்கும் பெட்டி. அம்மாவின் நாற்காலி. அதில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான் ஒருவன், நீலச் சட்டையில். தலையிலிருந்து தரையில் நீர் சொட்டியது. அம்மா துண்டோடு வந்தாள்.

"என்னடா இது, எங்க போய் இப்படி நனைஞ்சே?" என்றாள். துண்டை அவன் தலையில் போட்டாள். துவட்டினாள். நெற்றியை, காதோரத்தை, பிடரியை. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, ஒரு குழந்தையைத் துவட்டுவதுபோல. "கவனிக்காமலே விட்டுட்டேன்டா உன்னை இத்தனை வருஷமா. என் கண்ணே."

அந்தக் குரல். அதே குரல்.

"அம்மா," என்று கத்தினான் பெரியவன். குமிழிகள் எழுந்தன.

அம்மா குனிந்து சதுரத்துக்குள் பார்த்தாள். அவள் முகம் வானம்போல விரிந்து, புன்னகைத்தது. "இருடா சின்னவனே. அண்ணனுக்குத் துவட்டிட்டு வரேன். அவசரப்படாதே."

அந்த நிலையிலும், மூச்சு முட்டும் அந்த நிலையிலும், அவன் கண்கள் அந்தத் துண்டைத்தான் பார்த்தன. அது போகும் இடத்தையெல்லாம் பார்த்தன. வயிறு எரிந்தது.

நாற்காலியில் இருந்தவன் துண்டின் விளிம்பை விலக்கி இவனைப் பார்த்தான். பிறகு அம்மாவின் கையை மெல்ல இறக்கிவிட்டு, எழுந்து, மேசைமேல் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். சதுரத்தைக் கடந்து போனான். வெளியே படியில் காலடி ஓசை ஏறியது. ஒவ்வொன்றாக. மேலே நின்றது.

தலைக்கு மேல், எங்கோ, நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்தது. வெளிச்சம் சற்று மங்கியது.

இன்னொரு சுற்று.